ஓலை செருகாத கோடை

பசு லாரியை நக்கிக்கொண்டிருந்தது.

எங்கள் கிணற்று மேட்டில் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த தண்ணீர் லாரி அது. பங்குனி மாதம். காலை ஒன்பது மணிக்கே தகரத்தைத் தொட முடியாது. லாரியின் பின் வால்வில் வாசர் தேய்ந்திருக்க வேண்டும்; சொட்டுச் சொட்டாக ஒழுகியது. ஆறுச்சாமியின் செவலைப் பசு கழுத்தை நீட்டி, விழுகிற சொட்டையெல்லாம் நாக்கில் ஏந்திக்கொண்டிருந்தது. சொட்டு வரத் தாமதமானால் இரும்பையே நக்கியது.

பத்தடி தள்ளி மாடுகளுக்கான கல்தொட்டி இருந்தது. அதன் அடியில் காய்ந்த பாசி மட்டும் இருந்தது. கிணற்றில் ஊறியதெல்லாம் குழாய் வழியாக லாரியின் வயிற்றுக்குள் தடதடவென்று இறங்கிக்கொண்டிருந்தது. சுற்றிலும் புழுதி நனைந்த வாசனை. மழை வாசனையேதான். மழைதான் இல்லை.

பக்கத்தில் நின்று உலகப் பொருளாதாரம் பேசிக்கொண்டிருந்தவன் நான்.

இந்தத் தொடரில் இதுவரை ஊர்க்காரர்கள் சொன்ன நல்ல வார்த்தைகளையே எழுதி வந்தேன். தாராபுரத்திலிருந்து ஒரு வாசகர், ‘அடுத்தவர் வாயையே எழுதுகிறீர்களே, உங்கள் வாய் என்ன செய்தது என்று ஒரு வாரம் எழுதுங்கள்’ என்று கேட்டிருக்கிறார். கேட்டது நியாயம். இது அந்த வாரம்.

ஒரு கிணறு, இரண்டு முறை

எங்கள் ஊர் வடகரப்பதி பக்கம். ரேஷன் கார்டு மலையாளத்தில், பேச்சு கோயமுத்தூர்த் தமிழில். மழை மட்டும் இரண்டு பக்கத்தையும் சேராது. கேரளத்தில் வெள்ளம் என்று டிவியில் காட்டுகிற நாளில் நாங்கள் வானத்தைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மேகத்தை எங்கள் தலைக்கு மேலாகவே தள்ளிக்கொண்டு போய்விடும்.

“மேகத்துக்கு நம்மூரு பஸ் ரூட்டு மட்டுந்தானுங் மாமா, ஸ்டாப் கெடையாது” என்பான் ஆறுச்சாமி.

ஆறுச்சாமி என் பக்கத்துக் காட்டுக்காரன். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். முறைக்கு நான் அவனுக்கு மாமன். அவன் காட்டில் தென்னை, வீட்டோரம் மூன்று கறவை மாடு. என் காடு காய்கறிக் காடு. தக்காளி போடுவேன், வெண்டை போடுவேன், கூலிக்கு ஆள் கிடைக்காத வருஷம் சும்மா போட்டு வைப்பேன்.

இரண்டு காட்டுக்கும் நடுவில் ஒரே கிணறு. எங்கள் அப்பன்மார் காலத்துப் பங்குக் கிணறு. பின்னால் அடியில் போர் போட்டு மோட்டார் இறக்கினோம். மோட்டார் ஒன்று, பைப்பு இரண்டு. ஒரு நாள் அவன் முறை, மறுநாள் என் முறை. பொழுது கிளம்புகிற நேரத்தில் வால்வைத் திருப்ப வேண்டும்.

இதில் இரண்டு வழக்கம் உண்டு. யார் முறையானாலும் முதல் தண்ணீர் தொட்டிக்கு. அந்த வழியாகப் போகிற எந்த மாடும் குடிக்கலாம்.

இரண்டாவது வழக்கம் கொஞ்சம் நுணுக்கமானது. இன்றைக்கு என் முறை, ஆனால் எனக்குத் தண்ணீர் வேண்டாம் என்றால், அதை அவனிடம் வாயால் சொல்லக் கூடாது. சொன்னால் தானம் கொடுத்த மாதிரி ஆகிவிடும்; வாங்கிக்கொள்கிறவன் தலை குனிய வேண்டி வரும். பச்சைத் தென்னோலையில் ஒரு இதழைக் கிழித்து மோட்டார் கொட்டாய்க் கதவுக் கொண்டியில் செருகிவிட்டு நம் வேலையைப் பார்க்கப் போய்விட வேண்டும். அவன் வந்து பார்ப்பான். தண்ணீரைத் தன் பக்கம் திருப்பிக்கொள்வான். மறுநாள் விடிவதற்குள் ஓலை சுருண்டிருக்கும். ஓலை சுருண்டால் அந்த முறை முடிந்தது.

இதில் நன்றி சொல்வதும் கிடையாது, விலை பேசுவதும் கிடையாது. என் அப்பன் காலம் முழுக்க, என் காலத்தில் முக்கால்வாசி, அந்தக் கொண்டிதான் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தது.

சீமை வாத்தியார் வந்த வழி

நான் படித்தது எட்டாவது. மலையாள எழுத்தைக் கற்றது லாரி ஓட்டிய காலத்தில், போர்டு பார்த்து. ஆனால் எழுத்து கிடைத்தால் விடமாட்டேன். மருந்துச் சீட்டின் பின்பக்கத்தைக்கூடப் படிப்பேன்.

என் மகள் ரேவதி பாலக்காட்டில் காலேஜில் சேர்ந்தாள். பொருளாதாரம். வீட்டில் முதல் காலேஜ் கால் அவளுடையது. பாதி மலையாளம், பாதி இங்கிலீஷாக நோட்டு எழுதிவருவாள். அவள் தூங்கப் போனதும் நான் எடுத்து எழுத்துக்கூட்டிப் படிப்பேன். புரியாத வார்த்தையை மறுநாள் அவளிடம் கேட்பேன். “என்ர பரீட்சைக்கு நீங்களே போயிருங்கப்பா” என்று சிரிப்பாள்.

அந்த நோட்டில்தான் அவர் வந்தார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் ஸ்காட்லாந்தில் இருந்த ஒரு தத்துவ வாத்தியார். பொருளாதாரம் படித்தவர்களுக்கு யார் என்று இந்நேரம் தெரிந்திருக்கும். எங்கள் டீக்கடையில் அவருக்குச் சீமை வாத்தியார் என்று பேர் விழுந்துவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

அவர் சொல்வது எனக்குத் தேன் மாதிரி இருந்தது. ஒவ்வொருவனும் தன் லாபத்தைப் பார்த்தால் போதும், யாரும் யாருக்கும் நல்லது செய்யக் கிளம்ப வேண்டாம். பண்டம் வேண்டியவனுக்குப் போய்ச் சேரும், விற்கிறவர்களுக்குள் போட்டி வந்து விலையும் ஒரு நிதானத்துக்கு வந்துவிடும், ஊரும் செழிக்கும். ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்று நம்மவர்கள் ஒரு வரியில் சொன்னதை இந்த மனுஷன் உட்கார்ந்து நிரூபித்துவிட்டாரே என்று தோன்றியது. நம் சொலவடைக்குச் சீமையிலிருந்து சாட்சி!

நோட்டு இருபத்திரண்டாம் பக்கத்தில் நின்றுவிட்டது. மீதி எல்லாம் வெள்ளைத் தாள்.

ஏன் நின்றது என்றால், இரண்டாம் வருஷம் நடுவில் ரேவதிக்கு ஒரு இடம் வந்தது. உடுமலைப் பக்கம், நல்ல குடும்பம். “படிப்பு எங்க போவுது கண்ணு, நல்ல எடம் காத்துக்கிட்டு நிக்காது” என்று சொன்னவன் நான். அவள் எதிர்த்துப் பேசவில்லை. அட்டையில் தேங்காயெண்ணெய்க் கறை படிந்த அந்த நோட்டை அலமாரியில் வைத்துவிட்டுப் போனாள்.

இருபத்திரண்டு பக்கத்தை வைத்துக்கொண்டு நான் அறிஞன் ஆனேன்.

ஒரு சொம்பு வைரம்

தங்கவேலுவின் டீக்கடைதான் என் கல்லூரி. அவன் அடுப்புக்கு எதிரில் என் பெஞ்சு.

ஒரு நாள் சொன்னேன்: “நாமெல்லாம் பசியாறோணும்னு இரக்கப்பட்டா தங்கவேலு அஞ்சு மணிக்கு அடுப்புப் பத்த வெக்கறான்? அவன் வகுத்துக்காக. அவன் வகுறு நம்ம வகுத்த நெறைக்குது. இதத்தான் சீமை வாத்தியாரு சொல்றாரு.”

தங்கவேலு டீயை ஆற்றுவதை நிறுத்தவில்லை. “அப்பொறம் எதுக்குங்ணா உங்களுக்கு மட்டும் ரெண்டாவது கரண்டிச் சக்கரை போடறேன்? காசு ஒண்ணுதானுங்களே? அது எந்தப் பக்கத்துல வருதுன்னு பாத்துச் சொல்லுங்.”

கடை சிரித்தது. நானும் சிரித்தேன்.

இன்னொரு நாள் தண்ணீரையும் வைரத்தையும் பற்றிப் பேச்சு வந்தது. அதுவும் நோட்டில் இருந்ததுதான். தண்ணீர் இல்லாமல் உயிர் இல்லை, ஆனால் அதைக் கொடுத்து ஒன்றும் வாங்க முடியாது. வைரத்தால் ஒரு உபயோகமும் இல்லை, ஆனால் அதற்கு உலகத்தையே தருவார்கள். இது ஏன் என்று வாத்தியார் யோசித்திருக்கிறார் என்றேன்.

ஆறுச்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டான்: “ஏனுங் மாமா, அவரூர்ல மழை நல்லாப் பேயுமுங்களா?”

“வருசம் பூரா பேயுமாட்டம் இருக்குது.”

“அதானுங் பாத்தேன். அவரப் பங்குனிக் கடைசில இங்க கூட்டியாந்து, ஒரு சொம்பு வைரம் குடுத்துப் பாருங். குடிச்சுப்போட்டு அப்பொறம் எழுதட்டும்.”

அன்றைக்கு அதைச் சொலவடை என்று மட்டும் எடுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்து குறித்தும் வைத்தேன். மனுஷன் பேசுவதைக் குறித்து வைப்பதும் காதில் வாங்குவதும் வேறு வேறு வேலை.

பூண்டு எங்களது

இந்த இடத்தில் வட்டவடைக்கு ஒரு நடை போய்வர வேண்டும்.

ரேவதி பிறப்பதற்கு முன்பு நான் காய்கறி லாரி ஓட்டினேன். மூணாறுக்கு மேலே வட்டவடையில் ஜீப்பில் இறக்கிவரும் கேரட், கோஸ், பூண்டு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு கீழே வருவேன். மூட்டை நிறைவதற்காகக் காத்திருக்கும்போது மலைக்காரர்களோடு பேச்சுக் கொடுப்பேன். குளிரில் அவர்கள் பேச்சிலேயே புகை வரும்.

பேச்சியம்மா என்று ஒருத்தி. மூட்டை மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பூண்டைப் பிரித்தால் வண்டி முழுக்க மணக்கும். அத்தனை காரம். அதற்கு வியாபாரி சொன்ன விலையைக் கேட்டு எனக்கே வருத்தமாகிவிட்டது.

“ஏனுங்கம்மா, பத்து யாவாரி வர்றாங்கல்ல? ஒருத்தரு கொறச்சுக் கேட்டா அடுத்தவருக்குப் போடறதுங்.”

அவள் எச்சிலைத் துப்பிவிட்டு என்னைப் பாவமாகப் பார்த்தாள். “தம்பி, பத்துப் பேரு வாராக, வாயி ஒண்ணுதான். மலை ஏறுறதுக்கு முந்தியே பேசிக்கிட்டு வாராக. பூண்டு எங்களுது, வெல அவுகளுது.”

அதையும் குறித்து வைத்தேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

“செரிங் மாமா”

ரேவதி கல்யாணம் முடிந்த அடுத்த கோடை. மூட்டுவலி என்று நான் காட்டைச் சும்மா போட்டிருந்தேன். வழக்கப்படி என் முறை நாள் எல்லாம் ஓலை செருகியிருக்க வேண்டும். ஆறுச்சாமியும் அதை நம்பித்தான் இருந்தான். அந்த வருஷம் வாய்க்காலில் தண்ணீர் வரவில்லை. அவன் தென்னைக்கு இரண்டு பேர் முறையும் சேர்ந்தால்தான் கோடை தாண்டும்.

அப்போதுதான் லாரிக்காரன் வந்தான். வாளையார் ரோட்டோரம் கம்பெனி ஷெட்டுகள் கட்டிக்கொண்டிருந்தார்கள். சுவருக்கு விட, கான்கிரீட் நனைக்கத் தண்ணீர் வேண்டும். லோடுக்கு இவ்வளவு என்றான்.

காசு எனக்கு அவசரம் இல்லை. அவசரமாக இருந்திருந்தால்கூட இன்றைக்குக் கொஞ்சம் நிம்மதியாக எழுதுவேன். அந்தக் காசில் என்ன வாங்கினேன் என்று எவ்வளவு யோசித்தாலும் நினைவுக்கு வரவில்லை. சீமை வாத்தியார் சொன்னது சரி என்று என் கிணற்றிலேயே காட்டிவிடலாம் என்ற மிதப்புதான்.

முதல் லாரி வந்த அன்று காலை ஆறுச்சாமி மம்மட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தான். லாரியைப் பார்க்கவில்லை. முதலில் கொண்டியைப் பார்த்தான்.

“ஓலை செருகலீங்களா மாமா?”

“இந்த வருசம் செருகல மாப்ளே. என்ர முறை, என்ர தண்ணி. வேணும்ங்கறவனுக்குக் குடுத்தா அவனுக்கும் நல்லது, எனக்கும் நல்லது. ஊருக்கும் நல்லது.”

“ஊருக்கு எப்படிங் மாமா?”

உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். அவன் குரலில் குத்தல் இல்லை. நான் சொன்னேன். விலை வந்தால்தான் ஒரு பண்டத்தின் மதிப்புத் தெரியும் என்றேன். ஷெட் வந்தால் வேலை வரும், வேலை வந்தால் உன் மகனுக்கும் ஆகும் என்றேன். கடைசியில் ‘இறைச்ச கிணறுதான் ஊறும்’ என்று நம் சொலவடையையும் ஒன்று எடுத்து வைத்தேன். நான் பேசி முடிக்கவும் லாரி நிறையவும் சரியாக இருந்தது.

அந்தப் பேச்சு நடந்துகொண்டிருந்த போதுதான் அவன் பசு வால்வை நக்கிக்கொண்டிருந்தது. அவன் பார்த்தான். நானும் பார்த்தேன். “லாரி போனதும் தொட்டிக்கு உடறேன்” என்றேன்.

“செரிங் மாமா” என்றான். மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். அது திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போயிற்று.

லாரி போனபோது கரண்டும் போய்விட்டது. தொட்டி அன்றைக்கு நிறையவில்லை.

உறிஞ்சுன கெணறு

நாலு முறை அப்படியே போனது. ஐந்தாம் முறைக்கு ஆறுச்சாமியின் மனைவி சரசு வந்தாள். எப்போதும் வாசலில் நின்று “அண்ணி இருக்காங்களா” என்று என் மனைவியைக் கேட்பவள், அன்றைக்கு நேராக என்னிடமே வந்தாள். பால் கேன் கையில் இருந்தது. பாதி கூட இல்லை.

“அண்ணா, எறைச்ச கெணறு ஊறும்னு அவருகிட்டச் சொன்னீங்களாமா.”

“ஆமா சரசு. பெரியவங்க சொன்னது.”

“அவிய கவலை ஏத்தம் கட்டி மாட்ட உட்டு எறைச்ச காலத்துல சொன்னதுங். எறைச்சா ஊறும். உறிஞ்சுனா ஊறாதுங்.”

அவ்வளவுதான் சொன்னாள். சாலையில் பால் சொசைட்டி ஆட்டோ ஹாரன் அடித்தது, போய்விட்டாள். எத்தனையோ பேர் வாயிலிருந்து எத்தனையோ வார்த்தை பொறுக்கியிருக்கிறேன். என் வாழ்நாளில் கேட்ட ஆகச் சரியான பொருளாதாரம் அந்தப் பால் கேனோடுதான் வந்தது. ஆனால் அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்பளை வந்து கேட்கிற அளவுக்கு விட்டுவிட்டானே என்று.

அடுத்த வாரம் ஆறுச்சாமி முறையன்று கிணற்று மேட்டில் லாரி நின்றது. அவன்தான் வரச் சொல்லியிருக்கிறான்.

ஓடிப் போய்க் கேட்டேன். “மாப்ளே, உன்ர தென்னை காயுதே, நீ எதுக்கு விக்கறே?”

“நானு உட்டு வெச்சா நாளைக்கு உங்க லாரி எடுத்துக்குதுங். அதுக்கு நானே எடுத்துக்கறனுங். மாட்டுக்குத் தீவனமாச்சும் வாங்கலாம்.” கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னான்: “நீங்க சொன்னதுதானுங் மாமா. அவனவன் லாபத்த அவனவன் பாக்கறது.”

அதற்கு மேல் அந்தக் கிணற்றில் முறை என்பதே இல்லாமல் போனது. மோட்டார் நிற்பதில்லை. நான் விட்டுவைத்தால் அவன் எடுப்பான், அவன் விட்டுவைத்தால் நான் எடுப்பேன் என்ற பயத்தில் இரண்டு பேரும் எடுத்தோம். சித்திரை பாதியில் ஒரு நாள் மோட்டார் சத்தம் மாறியது. தண்ணீரின் கனம் போய், வெறும் பல் கடிக்கிற சத்தம். எட்டிப் பார்த்தேன். அடியில் சேறு, ஒரு செருப்பு, என்றைக்கோ விழுந்த ஒரு சருவப் பானை.

லாரிக்காரன் அன்றைக்கே வேறு கிணறு பார்த்துக்கொண்டான். அவனுக்கு ஆயிரம் கிணறு.

பத்துப் பேருக்கும் வாய் ஒன்று

பஞ்சாயத்து வண்டியில் குடிக்கக் குடம் தண்ணீர் வந்தது. மாட்டுக்கும் மரத்துக்கும் வராது. ஆறுச்சாமி விலைக்குத் தண்ணீர் வாங்கக் கிளம்பினான். யாரிடம்? எங்கள் தண்ணீரை ஏற்றிப்போனவனிடம்தான். எங்கள் பகுதியில் ஓடிய தண்ணீர் லாரி மூன்று பேருடையது.

நான் அவனுக்குத் தைரியம் சொன்னேன். அதற்கும் நோட்டு இருந்தது. “மூணு பேரு இருக்கறாங்க மாப்ளே. போட்டி இருக்குது. ஒருத்தன் ஏத்துனா இன்னொருத்தன் எறக்குவான். நீ மூணு பேருகிட்டயும் கேளு.”

மறுநாள் தங்கவேலு கடையில் அந்த மூன்று பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பருப்பு வடை தின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் சொன்ன எதற்கோ மற்ற இரண்டு பேரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். மூன்று டீக்கும் ஒருவனே காசு கொடுத்தான். நான் பெஞ்சின் மறுமுனையில் இருந்தேன்.

சாயங்காலம் ஆறுச்சாமி வந்தான். “மூணு பேருகிட்டயுங் கேட்டுப்போட்டனுங் மாமா. பைசா மாறாம ஒரே வெலைதானுங் சொல்றாங்க.” பிறகு என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டான்: “வாத்தியாரு இதுக்கு என்னமாச்சும் சொல்லியிருக்காருங்களா?”

கிண்டல் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அப்படி இல்லை. அவன் நிஜமாகவே ஒரு வழி இருக்கும் என்று நம்பிக் கேட்டான்.

எனக்குப் பூண்டு மணத்தது. எச்சிலைத் துப்பிவிட்டுப் பாவமாகப் பார்க்கிற ஒரு முகம் வந்தது. இருபத்திரண்டு பக்கத்தைப் படிப்பதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் என் காதிலேயே விழுந்த பாடம்.

எழுதாத பக்கம்

அன்றைக்கு ரேவதிக்குப் போன் செய்தேன். கிணற்று விஷயத்தைச் சொன்னேன். மூன்று லாரிக்காரர்களைச் சொன்னேன்.

அவள் சமையலில் இருந்தாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது.

“அப்பா, அது அடுத்த பாடமுங்க. யாவாரிங்க ஒண்ணு சேந்தா மத்தவங்கதான் சூதானமா இருந்துக்கோணும்னு அவரே எச்சரிக்கை பண்ணியிருக்காருங்க. அவிய லாபமும் ஊரு நல்லதும் எப்பவும் ஒண்ணாப் போவாதுன்னு. நீங்க அவர யாவாரிங்க கட்சின்னு நெனச்சுட்டீங்க.”

“அது நோட்டுல இல்லையே கண்ணு?”

“எப்படி இருக்குமுங்கப்பா? அந்த வாரந்தானே நிச்சயம் வெச்சீங்க.”

நான் ரிசீவரைக் காது மாற்றி வைத்துக்கொண்டேன்.

“அதுக்கும் முன்னால அவரு எழுதுன புஸ்தகம் யாவாரத்தப் பத்தியே இல்லீங்கப்பா. அடுத்தவனுக்கு வலிச்சா அது நமக்கு எப்படித் தெரியுது, அதத்தான் மொதல்ல உக்காந்து யோசிச்சிருக்காரு.”

“உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?”

“கல்யாணத்துக்கப்பொறம் கூடப் படிச்ச புள்ளகிட்ட நோட்டு வாங்கிப் படிச்சனுங்க. பரீட்சைக்கு இல்லீங்க. சும்மாதான்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“நீங்க கேக்கவே இல்லீங்களேப்பா.”

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். பரீட்சைக்கு என்னையே போகச் சொன்னாளே, அதே சிரிப்பு இல்லை. அந்தப் பரீட்சையை நான் ஏற்கெனவே எழுதிவிட்டேன். ஆறுச்சாமி காட்டில் எழுதியிருந்தேன்.

கொண்டி

முதலில் ஆறுச்சாமியின் தென்னையில் பிஞ்சுக் குரும்பை உதிர்ந்தது. பிறகு மட்டைகள் மரத்தோடு ஒட்டித் தொங்கின. குருத்துச் சாய்ந்தால் தென்னை முடிந்தது என்பார்கள். வைகாசியில் அவன் தோப்பில் நிமிர்ந்து நின்ற குருத்தை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

மாடுகளை விற்று ஒவ்வொன்றாக வண்டியில் ஏற்றினார்கள். செவலைதான் கடைசி. வண்டியில் ஏற மறுத்தது. சரசு முன்னால் ஒரு வாளியில் தண்ணீரை வைத்துக் காட்டினாள், ஏறிவிட்டது. வண்டியின் பின்பலகையை மாட்டியதும் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். நான் ரோட்டில் நின்றிருந்தேன். என்னைக் கடந்துதான் போனாள். “வாங்கண்ணா” என்று வழக்கமாகச் சொல்கிறவள் அன்றைக்கும் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை.

ஆறுச்சாமிக்கு வாளையார் ரோட்டில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. கட்டி முடித்த ஷெட் ஒன்றில். அந்தச் சுவர் எந்தக் கிணற்றுத் தண்ணீரில் இறுகியது என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஷெட் வந்தால் வேலை வரும் என்று சொன்னேன் அல்லவா, வந்தது.

அவர்கள் சாமான் ஏற்றிய காலையில் நான் போகவில்லை. வெயில் ஏறிய பிறகு கிணற்று மேட்டுக்குப் போனேன்.

கொண்டியில் ஓலை இருந்தது.

போகிற போக்கில் வந்து செருகிவிட்டுப் போயிருக்கிறான். வழக்கம் தப்பாமல், வாயால் ஒன்றும் சொல்லாமல், தன் முறையை எனக்கு விட்டிருக்கிறான். பச்சை ஓலைக்கு அவன் எங்கே போவான்? அவன் மரத்து ஓலைதான். காய்ந்து, பழுப்பேறி, முன்பே சுருண்டுபோன ஓலை.

அந்த வருஷம் ஆடிக்குப் பிறகு மழை வந்தது. கிணற்றில் கொஞ்சம் ஊறியது. அடுத்தடுத்த வருஷம் இன்னும் கொஞ்சம். இப்போது தண்ணீர் இருக்கிறது. தொட்டியை முதலில் நிறைத்துவிடுகிறேன். குடிக்க மாடு வருவதில்லை. எல்லா நாளும் என் முறைதான்.

தினமும் காலையில் மோட்டார் போடப் போகும்போது கொண்டியைப் பார்க்கிறேன். ஓலை சுருண்டால் முறை முடிந்தது என்பது வழக்கம். இது சுருண்ட பிறகு செருகியது. இந்த முறை எப்போது முடியும் என்று சொல்ல எனக்கு வேறு அடையாளம் இல்லை. எடுத்துப் போடவும் கை போகவில்லை. எடுத்தால், முறையை யாரிடம் திருப்பிக் கொடுப்பது?